மறைத்தது யார்?

அத்தியாயம் 12

காலை ஏழு மணிக்குக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடி, வலது காலைத் தரையில் ஊன்ற முடியாமல் விழித்துக்கொண்டிருந்த ஓட்டுநரை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். பாவம், மனிதர் ஒரு வாரமாக அதே நிலையில் இருக்கிறாரே என்று கவலைப்பட்டவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அடுத்த பதினைந்தாவது நிமிடம் அவர் வாடகைக் காரில் இருந்தார். அவருடைய மனைவியைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

டிப்போவில் அவளுக்கு 'நிமிஷக்காரி' என்று பெயர். பேருந்துகள் கிளம்பும் நேரத்தையும் வந்து சேரும் நேரத்தையும் குறிக்கிற வேலை. ஏழு இருபத்திரண்டுக்கு வந்த வண்டியை ஏழு இருபது என்று போடச் சொல்லி யார் கெஞ்சினாலும் பேனா அசையாது. கல்யாணமான புதிதில் சொந்தக் கணவருக்கே நாலு நிமிடத் தாமதம் எழுதினாள். வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

நாலு வாரத்துக்கு முன்னால், பதினோரு மணி நேரம் உட்கார்ந்தே வண்டி ஓட்டிவிட்டு இறங்கிய ஓட்டுநருக்கு இடது கெண்டைக்கால் வீங்கியது. காலில் ரத்தம் உறைந்து, அதில் ஒரு துணுக்கு நுரையீரல் வரைக்கும் போயிருந்தது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, பிறகு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும், அதை எல்லோரிடமும் காட்டச் சொல்லி ஒரு மஞ்சள் அட்டையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அட்டையை நீட்டுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

அதனால்தான் அவசரப் பிரிவில் தள்ளுவண்டியில் அவரைக் கிடத்திய உடனே, வலி எங்கே என்று சொல்வதற்கு முன்பே, அவள் அட்டையை நீட்டினாள்.

டியூட்டி டாக்டர் இளைஞர். ராத்திரி முழுக்கக் கண் விழித்திருந்தது முகத்தில் தெரிந்தது. அட்டையை வாங்கி, பார்க்காமலேயே மேஜையில் வைத்து, அதன்மேல் தன் டீக் கோப்பையையும் வைத்தார்.

"இவர் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறார், டாக்டர். மூணு வாரமா. நேத்து ராத்திரிகூட சாப்பிட்டார்."

"கால் வலின்னுதானே வந்தீங்க? அதைச் சொல்லுங்க."

சொன்னாள். செருப்பை எடுக்கக் குனிந்தவருக்கு வலது இடுப்பில் சுளீரென்றது. அதிலிருந்து தொடை மடிந்தே இருக்கிறது, நீட்டினால் உயிர் போகிறது. டாக்டர் இடுப்பைத் தொட்டார், தட்டினார், தசைப்பிடிப்பு என்றார். இந்த வயதில் சகஜம் என்றார். வலிக்கு ஊசி எழுதினார்.

அந்த மாத்திரை சாப்பிடும்போது இந்த ஊசி போடலாமா என்று அவள் கேட்டாள்.

"நீங்க டாக்டரா?"

"இல்ல. டைம் கீப்பர்."

"அப்ப டைம் வேஸ்ட் பண்ணாதீங்கம்மா."

இந்தப் பேச்சு நடக்கும்போது வெள்ளைச் சீருடையில் ஒருத்தி மூச்சிரைக்க வந்து நின்றாள். ஓட்டுநரின் தங்கை, வீட்டில் எல்லோருக்கும் சின்னு. இதே ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் நர்ஸ். மாத்திரை என்று அண்ணி சொன்னதும் அவள் காதில் விழுந்தது, 'நீங்க டாக்டரா' என்று டாக்டர் கேட்டதும் விழுந்தது, கோப்பைக்கு அடியில் மஞ்சள் அட்டை கிடப்பதும் கண்ணில் பட்டது. அண்ணி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். இந்த இடத்தில் பேச வேண்டியவள் நீதானே என்று கேட்கும் பார்வை.

சின்னு தலையைக் குனிந்துகொண்டாள். "அவங்களுக்குத் தெரியும் அண்ணி," என்றாள் மெதுவாக.

ஊசி போட்டார்கள். இடுப்புச் சதையில், ஆழமாக. அப்போது மணி எட்டு நாற்பத்தாறு. கைப்பையில் இருந்த சின்ன நோட்டில் நிமிஷக்காரி அதைக் குறித்துக்கொண்டாள். சண்டைக்காக அல்ல, பதினெட்டு வருடத்துப் பழக்கம், கை தானாக எழுதியது.

*

பத்து மணிக்கு வலி குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. ஊசி போட்ட இடம் கன்றிப்போய், உள்ளங்கை அகலத்துக்கு நாவல் பழ நிறத்தில் படர்ந்திருந்தது. தொடையின் முன்பக்கம் மரத்துப்போனது போல இருக்கிறது என்றார் ஓட்டுநர். கிள்ளிப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப கிள்ளினேன்."

"அப்படியா?" என்றார்.

அவள் மேஜைக்குப் போய்ச் சொன்னாள். டாக்டர் வேறொரு கையெழுத்து போட்டுக்கொண்டே, படுத்தே கிடந்தால் அப்படித்தான் இருக்கும், எழுப்பி நடக்க விடுங்கள், தள்ளுவண்டி அடுத்தவருக்கு வேண்டும், வீட்டுக்குக் கிளம்பலாம் என்றார்.

வார்டு ஆயா ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் தாங்கிப் பிடிக்க, ஓட்டுநர் இறங்கினார். இடது காலில் நின்றார். வலது காலை வைத்தார். முட்டி, பூட்டு கழன்றது போல மடங்கியது. மூன்று பேரும் சேர்ந்து சரிந்தார்கள். ஆயா மட்டும் சுவரைப் பிடித்திருக்காவிட்டால் அன்றைக்கு இன்னும் இரண்டு நோயாளிகள் கூடியிருப்பார்கள்.

டியூட்டி டாக்டர் எழுந்துகூட வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"டிரைவர்தானே? மெடிக்கல் லீவு எத்தனை நாளைக்கு வேணும்? அதை நேரா கேளுங்க. இப்படி விழுந்து காட்ட வேண்டாம்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

நிமிஷக்காரிக்கு உச்சந்தலை வரை சூடேறியது. இருபத்தேழு வருடம் வண்டி ஓட்டியவர். ஒரு நாய்க்குட்டிமேல்கூட ஏற்றியதில்லை. காய்ச்சலோடு டியூட்டிக்கு வந்தவரை அவளே திட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அந்த மனிதர் தரையில் உட்கார்ந்து, வேட்டியை இழுத்து முட்டியை மூடிக்கொண்டிருந்தார். வலியைவிட அந்தச் சிரிப்புதான் அவரைக் கூனிக் குறுக வைத்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். குரல் உயரவில்லை.

"டாக்டர் தம்பி, என்கிட்ட நூத்தி நாப்பது நாள் லீவு எடுக்காம கிடக்கு. நான் நடிக்கணும்னா அதை எடுத்துட்டு வீட்டுலயே நடிச்சிருப்பேன்."

அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

*

பதினொன்றே கால் மணிக்கு, மறுபடி தள்ளுவண்டியில் கிடத்தியிருந்த ஓட்டுநரின் நெற்றி வியர்த்தது. துடைத்தால் குளிர்ந்திருந்தது. உதடு வெளுத்துவிட்டது. தாகம் என்றார், தண்ணீர் குடித்ததும் குமட்டியது. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் முழுசாக எண்ணினாள். நூற்று இருபத்தாறு. மறுபடி எண்ணினாள். நூற்று முப்பது.

இனிமேல் அந்த மேஜைக்குப் போய்ப் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வராந்தாவில் பெரிய டாக்டர் அம்மா ரவுண்ட்ஸ் முடித்து, பின்னால் ஏழெட்டுப் பேரோடு வந்துகொண்டிருந்தார். நடுவழியில் போய் நின்றாள். யாரோ தோளைத் தொட்டு நகர்த்தப் பார்த்தார்கள். நகரவில்லை. கத்தவும் இல்லை. டிப்போவில் தாமதத்தைச் சொல்வது போலவே, ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாத்திரை மூன்று வாரமாக. ஏழு மணிக்கு இடுப்பில் வலி. எட்டு நாற்பத்தாறுக்கு ஊசி. பத்துப் பத்துக்கு முட்டி மடங்கியது. தொடை மரத்திருக்கிறது. நாடி நூற்று முப்பது.

பெரிய டாக்டர் அம்மா நடையை மாற்றிக்கொண்டு தள்ளுவண்டிக்கு வந்தார். வலது காலை நீட்டப் பார்த்தார். ஓட்டுநர் பல்லைக் கடித்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். அடிவயிற்றில் வலது ஓரமாக அழுத்தி, கையை அங்கேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"மாத்திரை அட்டை எங்கே?"

நிமிஷக்காரி மேஜையைக் காட்டினாள். பெரிய டாக்டர் அம்மாவே போய்க் கோப்பையைத் தூக்கினார். அட்டையில் டீக் கறை வட்டமாகப் பதிந்திருந்தது. அதை டியூட்டி டாக்டரின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அந்த இளைஞர் எழுந்து நின்றுவிட்டார்.

அதற்கப்புறம் எல்லாம் ஓட்டமாக நடந்தது. காலை முழுக்க நகராமல் நின்ற தள்ளுவண்டிச் சக்கரங்கள் இப்போது பறந்தன. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மூன்று வாரத்துக்கு முன் பதிமூன்றாக இருந்த ரத்த அளவு ஏழரைக்கு இறங்கியிருந்தது. இரண்டிலிருந்து மூன்றுக்குள் நிற்க வேண்டிய உறைதல் எண், ரத்தம் உறையவே மறுக்கும் ஐந்தரையில் இருந்தது.

ஸ்கேன் அறை வாசலில் வைத்துப் பெரிய டாக்டர் அம்மா விளக்கினார். முதுகெலும்பை ஒட்டி, இடுப்பு வழியாகத் தொடைக்கு இறங்குகிற ஒரு தசை இருக்கிறது. அதற்குள்ளே ரத்தம் கசிந்து பந்து மாதிரி கட்டியிருக்கிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது. அந்தக் கட்டி தொடைக்குப் போகிற நரம்பை நசுக்குகிறது, அதனால்தான் முட்டி மடங்கியது. மாத்திரையின் வேலையை முறிக்க மருந்து கொடுக்க வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டும். ஆனால் மாத்திரையை நிறுத்தினால் இடது காலில் உறைந்து கிடப்பது மறுபடி நுரையீரலுக்குக் கிளம்பலாம். அதைத் தடுக்க வயிற்றின் பெரிய ரத்தக் குழாயில் ஒரு வடிகட்டி வைக்க வேண்டியிருக்கும்.

"ரொம்ப அபூர்வமா வர்றது இது," என்றார்.

"வராததுன்னு சொல்லலையே டாக்டர்," என்றாள் நிமிஷக்காரி. "அபூர்வம்னுதானே அட்டையே கொடுத்தீங்க?"

"நீங்க சொல்றது சரி," என்றுவிட்டுப் பெரிய டாக்டர் அம்மா உள்ளே போனார். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் அவள் சொன்னது சரி என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

*

ஒன்றரை மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்கு நிர்வாக அலுவலர் வந்தார். வழுவழுவென்று வாரிய தலை, வழுவழுவென்ற பேச்சு. கவலைப்படாதீர்கள், ஆண்டவன் இருக்கிறான், நல்ல கையில் இருக்கிறார் என்று ஆரம்பித்து, ஒரு ஃபைலைத் திறந்து, ரத்தம் ஏற்றுவதற்குச் சம்மதம் வேண்டும், இங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று இரண்டு இடத்தில் விரலை வைத்தார்.

பக்கத்தில் சின்னு. வார்டில் சொல்லிவிட்டு மறுபடி இறங்கி வந்திருந்தாள். அழுதழுது மூக்கு சிவந்திருந்தது.

நிமிஷக்காரி முதல் தாளைப் படித்துக் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது தாளையும் படித்தாள். அலுவலர், வழக்கமான படிவம்தான், படிக்க வேண்டியதில்லை என்றார். அவள் படித்துக்கொண்டே இருந்தாள். நடுவில் பேனாவால் எழுதிச் சேர்த்த ஒரு வரி இருந்தது.

'ரத்தம் உறையாமைக்கான மாத்திரை உட்கொள்வதை நோயாளி தரப்பினர் அனுமதியின்போது தெரிவிக்கவில்லை.'

முதலில் அவளுக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவை படித்தபோது புரிந்தது. ஊசி போட்டவர்கள் அவர்கள். கோப்பையை வைத்தவர்கள் அவர்கள். நடிக்கிறார் என்று நாலு பேர் முன்னால் சொன்னவர்கள் அவர்கள். பழியை மட்டும் தூக்கி அவள் தலையில் கட்டி, அதற்கு அவள் கையாலேயே கையெழுத்தும் கேட்கிறார்கள்.

"இதை யார் எழுதினது?"

யார் எழுதினால் என்ன, சும்மா ஒரு குறிப்புதான் என்றார் அலுவலர்.

"நான் சொன்னேன். அவர் வலியைச் சொல்றதுக்கு முன்னாடியே சொன்னேன். அட்டையைக் கொடுத்தேன்."

"இருக்கலாம்மா. அந்த அவசரத்துல டாக்டர் காதுல விழாம இருந்திருக்கும்."

"அப்ப 'டாக்டர் காதுல விழலை'ன்னு எழுதுங்க. 'நாங்க சொல்லலை'ன்னு ஏன் எழுதறீங்க?"

அலுவலரின் குரலில் இருந்த எண்ணெய் கொஞ்சம் வற்றியது. இரண்டு தாளும் சேர்ந்துதான் ஒரு படிவம், ஒன்றில் கையெழுத்து இல்லையென்றால் ரத்த வங்கிக்கு அனுப்ப முடியாது, அப்புறம் தாமதத்துக்கு ஆஸ்பத்திரி பொறுப்பில்லை என்றார். சொல்லிவிட்டு, ஃபைலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே ஒருவர் ரத்தம் இல்லாமல் வெளுத்துக் கிடக்கிறார். வெளியே ஒருவர் அதை ஒரு பொய்க்கு விலை பேசுகிறார். நிமிஷக்காரிக்கு அவரை அறைந்தால் என்ன என்று தோன்றியது உண்மை. அதைவிட நல்ல யோசனை ஒன்று தோன்றியது அவருடைய கெட்ட காலம்.

கண்ணாடிக் கதவைத் தட்டினாள். எட்டிப் பார்த்த நர்ஸிடம், ரத்தம் ஏற்ற நான் ஒன்று முப்பத்தெட்டுக்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன், தாள் இந்த ஐயா கையில் இருக்கிறது, தர மாட்டேன் என்கிறார், பெரிய டாக்டர் அம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள் என்றாள்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. பெரிய டாக்டர் அம்மா கையுறையோடு வெளியே வந்தார். "ரத்தம் ஏன் இன்னும் வரல?" என்று அலுவலரைப் பார்த்துக் கேட்டார். அவர் ஏதோ நடைமுறை என்று இழுத்தார். பெரிய டாக்டர் அம்மா முதல் தாளை மட்டும் உருவி ஆளிடம் கொடுத்து ரத்த வங்கிக்கு ஓடச் சொல்லிவிட்டு, கதவுக்குள் மறைந்தார்.

இரண்டாவது தாள் மிஞ்சியது. அதில் அந்த வரி.

நிமிஷக்காரி அதை அலுவலர் கையிலிருந்து வாங்கினாள். வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். அடியில், நிறுத்தி நிதானமாக, நோட்டைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். எந்த நேரத்துக்கு அட்டையைக் கொடுத்தாள், யாரிடம் என்ன சொன்னாள், அவர் என்ன பதில் சொன்னார், எந்த நேரத்துக்கு ஊசி. 'விழுந்து காட்ட வேண்டாம்' என்று சொன்னதையும் எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

அலுவலர் படித்துவிட்டுச் சிரித்தார். "யார் வேணும்னாலும் என்ன வேணும்னாலும் எழுதலாம்மா. நீங்க அட்டையைக் கொடுத்ததை யார் பார்த்தா? சாட்சி இருக்கா?"

நிமிஷக்காரி சின்னுவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பது கேட்பது போல ஆகிவிடும். சின்னு நான்கு வருடமாக ஒப்பந்த வேலையில் இருக்கிறாள், அடுத்த மாதம் நிரந்தர ஆணை வருகிறது, அந்தச் சந்தோஷத்தில் போன வாரம்தான் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். அந்த ஆணை விஷயம் அலுவலருக்கும் தெரியும். அதனால்தான் சிரித்தார்.

சுவரோரம் நின்றிருந்த சின்னு முன்னால் வந்தாள். தன் பையிலிருந்த பேனாவை எடுத்தாள்.

"நான் பார்த்தேன்," என்றாள்.

"நல்லா யோசிச்சுக்கம்மா."

"காலையில யோசிச்சேன் சார். அதனாலதான் அண்ணன் உள்ள கிடக்கார்."

முழுப்பெயரை எழுதினாள். ஊழியர் எண்ணை எழுதினாள். வார்டையும் எழுதினாள். அலுவலர் தாளை எடுத்துக்கொண்டு, வந்தபோது சொன்ன ஆண்டவனை இப்போது சொல்லாமல் போனார்.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சின்னு சொன்னாள்.

"நான் காலையிலயே பேசியிருக்கணும் அண்ணி."

பரவாயில்லை என்று சொல்லலாம். யாரும் அதைத்தான் சொல்வார்கள். நிமிஷக்காரிக்கு வாய் வரவில்லை.

"ஆமா. பேசியிருக்கணும்," என்றாள்.

சின்னு தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரத்தில் அண்ணியின் கை வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது. கோபம் போகவில்லை, கையும் போகவில்லை.

*

ஐந்து மணிக்குப் பார்வையாளர் ஒருவரை ஐந்து நிமிடம் உள்ளே விடுவார்கள். நிமிஷக்காரி கதவருகே எழுந்து நின்றபோதுதான், தலைமை நர்ஸ் கூப்பிடுகிறார், கண்காணிப்பாளர் அறைக்கு உடனே வரச் சொன்னார் என்று சின்னுவுக்கு ஆள் வந்தது.

நானும் வருகிறேன் என்றாள் அண்ணி. சின்னு சீருடையை நீவி விட்டுக்கொண்டாள்.

"நீங்க அண்ணனைப் பாருங்க. கையெழுத்து நான் போட்டது."

அவள் வராந்தாவின் முனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, நிமிஷக்காரி உள்ளே போனாள்.

மூன்றாவது ரத்தப் பை பாதி இறங்கியிருந்தது. உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. நாடி நூற்றுக்குக் கீழே என்று திரை காட்டியது. ஓட்டுநர் கண்ணைத் திறந்து, சின்னு எங்கே என்று கேட்டார்.

"நமக்காகப் பேசப் போயிருக்கா," என்றாள்.

அவருக்கு என்ன புரிந்ததோ, லேசாகச் சிரித்தார்.

கட்டிலின் மறுபக்கம் வந்த பெரிய டாக்டர் அம்மா, கசிவு நின்றுவிட்டது போலத் தெரிகிறது, வடிகட்டி நாளைக் காலையில் என்றார். பிறகு போர்வையை விலக்கி, வலது முட்டிக்கு அடியில் தன் கையைக் கொடுத்தார்.

"முட்டியை நீட்டுங்க பார்க்கலாம். மெதுவா. வண்டியில பிரேக் மிதிக்கிற மாதிரி."

ஓட்டுநர் மூச்சைப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றி சுருங்கியது. இருபத்தேழு வருடம் ஐம்பது ஐம்பது உயிர்களாக நிறுத்தி இறக்கிவிட்ட கால், வெள்ளைத் துணிமேல் அப்படியே கிடந்தது.

"இன்னொரு தடவை," என்றார் பெரிய டாக்டர் அம்மா.

ஓட்டுநர் காலைப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.